நான் மாற்றி வைத்த மாத்திரை

முரளி,

இதை நீயும் உன் மனைவியும் ஓசூருக்குக் குடிபோன பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, பகலில் படி. சாப்பிட்டுவிட்டுப் படி. ஜெயந்தி பக்கத்தில் இருக்கும்போது படி. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்திய கை இது. சொந்தப் பிள்ளைக்கு நாலு பக்கம் எழுத மூன்று நாளாகத் திணறுகிறது. நேரில் சொல்லிவிடத்தான் முதலில் நினைத்தேன். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீ மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாய். சொல்லத்தான் மேலே வந்தேன். நீ திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, மூச்சு வாங்குது, கூப்ட்டிருந்தா நானே கீழ வந்திருப்பேனே" என்றாய். துவைத்த துணியை எடுக்க வந்தவள் மாதிரி கொடியைப் பார்த்தேன். கொடியில் ஒன்றுமில்லை. இறங்கிப் போய்விட்டேன்.

போன தை மாதம் ஜெயந்தியும் அவள் அண்ணனும் சம்பந்தம் பேச நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்துதான் இந்தக் கடிதத்தை எனக்குள் எழுதிக்கொண்டே வருகிறேன். நான் அடுப்படியில் டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நீ பேசுவது அடுப்படிக்குத் தெளிவாகக் கேட்டது.

"எனக்கு பைபோலார்னு ஒரு நோய் இருக்குதுங்க. பதினோரு வருஷமா மருந்து சாப்ட்டுக்கினு இருக்கேன். மாசம் ஒரு ஊசி. ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரில வெச்சி பாத்திருக்காங்க. இதெல்லாம் தெரிஞ்சிக்கினு அப்புறமா யோசிங்க."

அந்தப் பெண் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, "மருந்து சாப்ட்டா நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். நீ சொன்னாய்: "நல்லாதான் இருக்கேன். ஆனா ஒரு வாட்டி, ஒரு வேள கூட விடாம சாப்ட்டுக்கினு இருக்கும்போதே வந்துடுச்சிங்க. அது ஏன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் புரியல. மறுபடி அப்பிடி வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

டீ வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. அது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும், முரளி. உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்கு நினைவில்லாத இடங்கள் இதில் நிறைய உண்டு. இருபத்திரண்டு வயதில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாய். மே மாத வெயிலில் ஒரு வாரம் தூங்காமல் இருந்தாய். மலையிலிருந்து வரும் தண்ணீரைக் குழாய் போட்டு நம் ஊர்க் கரும்புக்கெல்லாம் கொண்டுவருகிறேன் என்று காகிதம் காகிதமாகப் படம் போட்டாய். வடக்கனந்தலில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாய். ஊரில் பாதிப் பேர் போட்டும் கொடுத்தார்கள், அவ்வளவு நன்றாகப் பேசினாய். என் பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு வருமா என்று நான் பெருமைப்பட்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். நீ கிணற்று மேட்டில் நின்று, தண்ணீர் உன் சொல்லுக்குக் கட்டுப்படும் என்று கத்திய அன்றுதான் பயம் வந்தது. அதற்குப் பிறகும் ஒரு மாதம் எலுமிச்சம்பழம் அறுத்தோம், தாயத்துக் கட்டினோம். கள்ளக்குறிச்சியில் மனநல டாக்டரம்மாவிடம் போவதற்குள் நீ பாதியாக இளைத்துவிட்டாய்.

அந்த டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, மனசு சிலருக்கு அளவுக்கு மேல் ஏறும், பிறகு அதே அளவுக்கு இறங்கும், இரண்டையும் சமப்படுத்த லித்தியம், ஏறினதை இறக்கவும் மறுபடி ஏறாமல் பிடித்துவைக்கவும் ஒலான்சபின் என்று சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. படிக்காத உன் அப்பாவுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்: "கரண்டு ஜாஸ்தியா வந்தா மோட்டார் எரிஞ்சி பூடும். கம்மியா வந்தா ஓடாது. நாம மோட்டார தூக்கியா போட்டுடறோம்? நடுவுல ஒரு பொட்டி வெக்கறோம். அதாம்மே இந்த மாத்திர. பொட்டிய கழட்டாத வரைக்கும் ஒண்ணியும் ஆவாது." அவர் அதை அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டார். ஊருக்கே பாடம் சொல்லிக்கொடுத்த என்னால் முடியவில்லை.

மருந்து வேலை செய்தது. இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள். ஒரு மாதத்தில் உன் பேச்சு நிதானத்துக்கு வந்தது. ஆறு மாதத்தில் கள்ளக்குறிச்சி டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தாய். மாத்திரை அட்டையைப் பார்த்தாலே உனக்கு ஒரு மாதிரி இருந்தது. "நீயே பிரிச்சி குடும்மா, நான் கண்ண மூடிக்கினு முழுங்கிடறேன்" என்றாய். அப்படித்தான் அந்த வேலை என் கைக்கு வந்தது. சாப்பாடு முடிந்ததும் உன் உள்ளங்கையில் வைப்பேன். நீ பார்க்கமாட்டாய், வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாய். இரண்டு வருடம் இப்படி நடந்தது.

ஆனால் நீ தடித்துக்கொண்டே போனாய். சாப்பிட்டு எழுந்த கையோடு மறுபடி பசிக்கிறது என்று பானையைத் திறப்பாய். சட்டைப் பொத்தான்களைத் தள்ளித் தள்ளித் தைத்துக் கொடுத்தேன். காலையில் எழுப்பினால் எட்டு மணிக்கு மேல்தான் கண் திறக்கும். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. யாராவது எதையாவது சொன்னால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நீ சிரிப்பாய். இவையெல்லாம் மருந்தின் பக்கவிளைவு, வந்தால் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து பார்க்கலாம் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. எப்போது போனாலும் "நல்லா இருக்கான்" என்று சொல்லி, சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அந்த வாசலில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அவசரம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

உனக்கு இருபத்து நாலு முடிகிற சமயத்தில் மூங்கில்துறைப்பட்டிலிருந்து உன் பெரியம்மா ஒரு ஜாதகம் கொண்டுவந்தாள். சங்கராபுரம் பக்கத்துப் பெண். அவர்கள் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா போன் செய்தாள். "பையன் நல்ல பையன்தானாம். கொஞ்சம் மந்தமா இருக்கறான்றாங்க. இன்னாடி, அவனுக்கு இன்னும் அந்த மாத்திரய குடுத்துக்கினா இருக்க? ரெண்டு வருஷமா ஒண்ணியும் இல்லயே. நல்லா ஆனவனுக்கு எதுக்கு மருந்து?" அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் கேட்க ஆசைப்பட்டதைத்தான் அவள் சொன்னாள்.

நீ நிறுத்த ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் விடமாட்டார். அதனால் நான் யாரையும் கேட்கவில்லை. மெடிக்கலில் ஒரு சத்து மாத்திரை வாங்கினேன். சிறியது, உருண்டையானது, மஞ்சள். உன் ஒலான்சபினும் அதே நிறம், ஏறக்குறைய அதே அளவு. லித்தியத்தை நிறுத்தவில்லை, அதற்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். உன்னைக் குண்டாக்குவது அந்த மஞ்சள் மாத்திரைதானே, அதை மட்டும் மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, உன் கையில் சத்து மாத்திரையை வைத்தேன். நீ எப்போதும் போலக் கண்ணை மூடிக்கொண்டாய்.

முதல் மூன்று வாரம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்ல வாரங்களில் சேரும். இதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆறு மணிக்கு எழுந்தாய். அப்பாவோடு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனாய். முகத்தில் இருந்த வீக்கம் வடிந்தது. யாரோ எதையோ சொல்ல, எல்லாருக்கும் முன்னால் நீ சிரித்தாய். அப்பாகூட, "மருந்து ஒடம்புக்கு பழகிடுச்சி போல, சுறுசுறுப்பா கீறான்" என்றார். நான் உள்ளுக்குள் எவ்வளவு கர்வப்பட்டேன் தெரியுமா. பெற்றவளுக்குத் தெரியாதது டாக்டருக்கா தெரியும் என்று நினைத்தேன். சங்கராபுரத்தாரும் இரண்டாம் முறை பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தோம்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் விடிகாலையில் நீ பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தாய். மறுநாளும் கழுவினாய். அதற்கடுத்த நாள் இஞ்சினையே பிரித்துப் போட்டிருந்தாய். பேச்சில் ஒரு வேகம். ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவினாய். எனக்குத் தெரிந்துவிட்டது, முரளி. இனி எழுதப் போவதுதான் எனக்குக் கடினம். தெரியாமல் செய்த தப்பு அதற்கு முன்னால் செய்தது. தெரிந்த பிறகும் மாத்திரையை நான் திருப்பி வைக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. இப்போது கொடுத்தால் மறுபடி தூங்கி வழிவானே, இந்த ஒன்பது நாள் மட்டும் தாண்டட்டும், அன்று சாயங்காலமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உன் கண் பளபளப்பதைப் பார்த்துக்கொண்டே சத்து மாத்திரையை நீட்டினேன். ஒன்பது நாளும் நீட்டினேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் உன்னைக் காணவில்லை. பைக்கும் இல்லை. பெண் வீட்டார் வருவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து ஷோரூமுக்குப் பழக்கமான ஒரு டிராக்டர்காரர் போன் செய்தார்: "உங்க பையன் இங்க கடத்தெருவுல நின்னு பேசிக்கினு கீறாருங்க. ஆளு சரியில்ல. சீக்கிரம் வாங்க." அப்பா ஒரு ஜீப்பைப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்லியும் நான் ஏறிக்கொண்டேன். மலை ஏறுகிற வழியெல்லாம் நான் மாத்திரை அட்டையைக் கைப்பையில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தேன், ஏதோ அங்கே போய் ஒன்றைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல.

நீ கடைத்தெருவில் வெறுங்காலோடு நின்றிருந்தாய். நிச்சயத்துக்கு எடுத்த சட்டையை ஒரு கிழவருக்குப் போட்டுவிட்டிருந்தாய். செருப்பு, வாட்ச், செல்போன் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மலையில் ஒவ்வொரு ஊருக்கும் ரோடு போடுகிறேன், ஒருத்தரும் இனி நோயாளியைத் தூளி கட்டித் தூக்க வேண்டாம் என்று தொண்டை கட்டிப் போன குரலில் பேசிக்கொண்டிருந்தாய். அந்த மலை ஜனங்கள் உன்னை ஒரு சொல் கேலி செய்யவில்லை. ஒரு அம்மா மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்து, "தின்னுட்டு பேசு சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். நீ கொடுத்த வாட்சையும் போனையும் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் வாங்கி ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார்.

எங்களைப் பார்த்ததும் நீ ஓடினாய். ஓடியது அருவிக்குப் போகிற பாதையில். பாறையெல்லாம் வழுக்கு. அப்பா ஐம்பத்தெட்டு வயதில் அந்தச் சரிவில் உன் பின்னால் ஓடினார். இரண்டு பேரும் விழுந்து எழுந்தீர்கள். டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தபோது நீ எல்லாரையும் உதறித் தள்ளினாய். கடைசியில் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உன் கையை முன்னால் சேர்த்துக் கட்டினார். உனக்கு வலிக்குமே என்று முடிச்சைத் தளர்த்தினார், நீ உருவிக்கொண்டாய், மறுபடி கட்டினார். இதைத்தான் நீ மறக்கவே இல்லை. ஊர் பார்க்க, மாட்டைக் கட்டுவதுபோல் கட்டி இழுத்து வந்தார் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். ஜீப்பில் அவர் முகத்தில் துப்பிவிட்டு, "நீ எனக்கு அப்பனே இல்ல" என்றாய். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. உன் கட்டின கைமேல் தன் கையை வைத்தபடியே மலை இறங்கி வந்தார். நான் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவன் நோய் திரும்பியதற்குக் காரணம் நான்தான் என்று உன் அப்பாவிடம் சொல்ல அந்த வழி நெடுக எனக்கு நேரம் இருந்தது.

சங்கராபுரத்தார் அன்றே அந்தச் சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம்தான் கேட்டார்.

"மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களாம்மா? நடுவுல விட்டுடலயே?"

"ஒரு வேள கூட விடலிங்க."

உன் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். லித்தியம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அந்தச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா நான் சொன்னதை நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் இல்லை. ஒழுங்காக மருந்து சாப்பிடும்போதே வந்திருக்கிறது, அப்படியானால் ஒலான்சபின் இவருக்குப் பிடிமானம் கொடுக்கவில்லை என்று முடிவு செய்தார். வேறு மருந்துக்கு மாற்றி, மாதம் ஒரு ஊசி எழுதினார். அவர் பார்வையில் அது சரி. நான் சொன்ன பொய்க்கு எழுதிய சரியான மருந்து அது.

அந்த ஊசி உன்னை என்ன பாடு படுத்தியது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்தால் கால் நிற்காது. வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பாய். தாடை இறுகிப்போகும். ஸ்பேனர் பிடித்த கை நடுங்கி, வேலை போயிற்று. நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை, அதற்கு வாய் வறட்சி. பிறகு மனசு இறங்கி, சுவரைப் பார்த்து எட்டு மாதம் படுத்திருந்தாய். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது எனக்குச் சாகும்வரை போகாது. "நான் ஒழுங்கா சாப்ட்டேனேம்மா. அல்லாருக்கும் வேல செய்ற மருந்து எனக்கு மட்டும் ஏம்மா வேல செய்யல? எனக்கு எந்த மருந்தும் கேக்காது போல." நான் உன் தலையைத் தடவி, "கேக்கும்பா" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் எட்டு மாதம் நாலு மாதமாகக் குறைந்திருக்கலாம். உன் உடம்பே உனக்கு எதிரி என்கிற எண்ணம் உனக்குள் வேர் விட்டிருக்காது.

அப்பாவைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது. அந்த மலை நாளுக்குப் பிறகு ஐந்து வருடம் அவர் உயிரோடு இருந்தார். நீ அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாய். அவர் உன் தட்டில் சோறு போட்டால் தள்ளி வைத்தாய். ஒரு நாள் தோட்டத்தில் கரும்புத் தோகை உரித்துக்கொண்டிருந்தவர், கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த கைய பாத்தாலே மூஞ்சிய திருப்பிக்கறான்மே. கட்டாம விட்டிருந்தா பாறைல பூட்டிருப்பான். அன்னிக்கி வேற வழி தெரியல எனக்கு." நான் பக்கத்தில் நின்று தோகையை அள்ளிக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள், "மாத்திரையும் ஒழுங்காத்தான குடுத்தோம். நாம இன்னா தப்பு பண்ணோம்?" என்று கேட்டார். அந்த 'நாம' என்ற சொல்லுக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டார். நான் சேர்ந்துகொண்டேன். நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். நீ கொள்ளி வைத்தாய், அழவில்லை. என்மேல் வந்திருக்க வேண்டிய கோபத்தை அவர் ஐந்து வருடம் சுமந்துகொண்டு போனார். பொட்டியைக் கழற்றினது யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முதலில் பயம். பிறகு நீ கொஞ்சம் தேறி வந்தாய், இப்போது சொல்லிக் கெடுப்பானேன் என்று ஒரு சாக்கு. அப்பா போன பிறகு, உனக்கு இருப்பது நான் ஒருத்திதான், என்னையும் நீ வெறுத்துவிட்டால் உனக்கு யார் என்று ஒரு சாக்கு. அது உனக்காக இல்லை, எனக்காக. நாங்கள் சங்கராபுரத்தாரிடம் மூடி மறைக்கப் பார்த்ததை நீ பத்து நிமிடத்தில் ஜெயந்தியிடம் சொன்ன அன்று என் சாக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டன.

உன் கல்யாணம் முடிந்த மறு செவ்வாய்க்கிழமை நான் தனியாகக் கள்ளக்குறிச்சி போனேன். டாக்டரம்மாவுக்கும் தலை நரைத்துவிட்டது. உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறினார். நான் உட்கார்ந்து, இப்போது உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். அவர் உன் பழைய பைலை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"ஒன்பது வருஷமா அவருக்கு இந்த மருந்து பிடிக்கலன்னு நான் எழுதி வெச்சிருக்கேம்மா. இத நம்பித்தான் ஒவ்வொண்ணா ஏத்திக்கினு போனேன்."

"தெரியுங்க."

"எடை ஏறுது, தூக்கம் ஜாஸ்தின்னு அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லியிருந்தா அளவ கொறச்சிருப்பேன். வேற குடுத்திருப்பேன். நானும் உங்கள இன்னும் துருவிக் கேட்டிருக்கணும். கூட்டத்துல கேக்கல." கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அவருக்கு சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நீங்கதான் சொல்லணும். நான் சொல்றதுல அர்த்தம் இல்ல" என்றார்.

அவர் ஓசூரில் நீ பார்க்கப் போகும் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். ஒலான்சபின் உனக்குத் தோற்கவில்லை, அது நிறுத்தப்பட்டதால்தான் நோய் திரும்பியது என்று அதில் இருக்கிறது. அதற்காக இன்றைக்கே ஊசியை விட்டுவிடாதே. இப்போதைய மருந்தில் நீ நிலையாக இருக்கிறாய், மாற்றுவதா, குறைப்பதா, எப்படி என்பதை அந்த டாக்டர் உன்னோடு பேசிப் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். கால் துடிப்பையும் கை நடுக்கத்தையும் அவரிடம் கூச்சப்படாமல் சொல். உனக்கு மருந்து கேட்கும், முரளி. அன்றைக்கும் கேட்டது. உன் உடம்பு உன்னை ஏமாற்றவில்லை.

ஜெயந்திக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா, அவன் மாத்திரையை நீ எடுத்துக் கொடுக்காதே. எவ்வளவு அன்பு இருந்தாலும் கொடுக்காதே. அட்டையை அவனே பிரிக்கட்டும், கண்ணைத் திறந்து பார்த்துச் சாப்பிடட்டும். அவன் குண்டானாலும், தூங்கினாலும், பேச்சு வேகமானாலும் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். ஊருக்குப் பயப்பட வேண்டாம். நான் பயந்தேன். நமக்குக் கஷ்டம் வந்த அன்றைக்கு அந்த ஊர் வந்து எதையும் தாங்கவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் அப்பாவை மட்டும் மன்னிக்காதே; அவர் மன்னிக்கும்படி ஒன்றும் செய்யவில்லை. அவரை நினைத்து அழ வேண்டியது பாக்கி இருந்தால் அழுதுவிடு.

இதைப் படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னோடு பேசாமல் இருக்கத் தோன்றினால் பேசாமல் இரு, எத்தனை நாளானாலும் சரி. திட்டத் தோன்றினால் போன் செய். நான் எடுப்பேன். நீ திட்டி முடிக்கும்வரை வைக்க மாட்டேன், ஒரு பதிலும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குத் திட்டி முடித்த பிறகு, சாப்பிட்டுவிட்டு, உன் கையாலேயே பிரித்து, உன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு.

அம்மா